நின்ற வண்டிகளும் ஓடிய வண்டிகளும்

2020-ல் கோவிட் ஊரடங்கு தொடங்கி ஆறாவது வாரம். விடியற்காலை நான்கரை மணிக்கு, மூச்சுத் திணறலில் இருக்கும் ஒருவரை உடனே அழைத்துவர வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது. பணியில் இருந்த ஆம்புலன்ஸ்கள் எல்லாம் வெளியே போயிருந்தபடியால், ஷெட்டின் மூலையில் மாற்று வண்டியாக நிறுத்தி வைத்திருந்த ஆம்புலன்ஸை எடுக்கச் சொன்னேன். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிந்து, டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தபோது பேட்டரி 11.7 வோல்ட் காட்டியது. சரக்கு வேன் ஒன்றை அருகே கொண்டுவந்து நிறுத்தி, கேபிள் இணைத்து, வண்டியைக் கிளப்புவதற்கு 22 நிமிடங்கள் ஆகிவிட்டன. நல்லவேளையாக, வேறொரு நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் அதற்குள் அந்த வீட்டை அடைந்துவிட்டது.

அந்த மாற்று வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. முந்தைய மாதம்தான் சர்வீஸ் முடித்து, கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தோம். அதைக் குலைத்தது ஓட்டமல்ல, ஓய்வு. 37 நாட்கள் அது அசையாமல் நின்றிருந்தது என்பதை அன்று காலைதான் பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். 64 வாகனங்களுக்குப் பொறுப்பானவன் அதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று சர்வதேச அவசரநிலையை அறிவித்தது; மார்ச் 11 அன்று கோவிட்-19 பரவலைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. அந்த இடைவெளியில் நான் செய்த ஏற்பாடுகள் யாவும் ஓடப்போகும் வண்டிகளைப் பற்றியவை. கிருமிநாசினி, முகக்கவசம், கூடுதல் டயர்கள், எரிபொருள் இருப்பு என்று பட்டியல் போட்டேன். அலுவலகங்கள் மூடப்பட்டால் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வேன்களுக்கு வேலை இருக்காது, அவற்றுக்கு நல்ல ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். நெருக்கடிக் காலத்தில் ஒரு வாகனத் தொகுதி இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி, மூன்று மாதங்களில் ஓட வேண்டிய தூரத்தை ஒரே மாதத்தில் ஓடித் தேயும். மறுபாதி, நின்ற இடத்திலேயே கெடும். மேலாளரின் கண்ணோ ஓடும் பாதியின் மேலேயே இருக்கும், ஏனென்றால் தொலைபேசி அழைப்புகள் அங்கிருந்துதான் வருகின்றன. நிற்கும் வண்டி யாரையும் அழைத்துப் புகார் சொல்வதில்லை.

நிற்கும் வண்டிக்கு முதலில் கெடுவது பேட்டரி. வண்டியை அணைத்துவிட்டாலும் கடிகாரம், பூட்டு, இடங்காட்டிக் கருவி, ஆம்புலன்ஸ் என்றால் வயர்லெஸ், மருத்துவக் கருவிகளின் சார்ஜர் ஆகியவை துளித் துளியாக மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி, முழு சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் கால் பங்கு இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதற்கும் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இதற்குப் பரிகாரமாக நாங்கள் முதலில் செய்ததும் தவறுதான். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வண்டியையும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தினோம். ஸ்டார்ட் ஆவதற்குச் செலவான சார்ஜையே, ஐடிலில், அதாவது வண்டி நகராமல் என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் நிலையில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரால் ஐந்து நிமிடத்தில் ஒழுங்காகத் திருப்பித் தர முடியாது. போதாக்குறைக்கு, என்ஜின் சூடேறும் முன்பே அணைப்பதால் புகைபோக்கியிலும் ஆயிலிலும் ஈரம் தங்கிவிடுகிறது. அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவிட்டு வருவதே சரியான வழி. அதற்கு ஆள் இல்லையென்றால் பராமரிப்பு சார்ஜரில் இணைக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பது, ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வதைவிட மேல்.

அடுத்தது டயர். முழுப் பாரத்தோடு ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நின்றால், தரையைத் தொடும் பகுதி தட்டையாகிவிடும். காற்று குறைவாக இருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். சில நாட்கள் நின்றதால் வரும் தட்டை, ஓடிச் சூடேறியதும் சரியாகிவிடும். மாதக்கணக்கில் நின்றதால் வருவது பெரும்பாலும் போகாது. எங்கள் சரக்கு லாரி ஒன்றைப் பாரத்தை இறக்காமலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது ஸ்டியரிங் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பின்பக்க டயர்கள் நான்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. பாரத்தை இறக்கி, டயரின் அளவுக்குச் சொல்லப்பட்ட வரம்புக்குள் காற்றைச் சற்றுக் கூடுதலாக வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தின் கால் சுற்று அளவாவது வண்டியை நகர்த்தி நிறுத்தினால் போதும். இதைச் செய்ய ஓட்டுநர்கூடத் தேவையில்லை, காவலர்கள் இருவர் தள்ளினாலே சிறிய வண்டி நகரும்.

ஹேண்ட் பிரேக் போட்டபடி நிறுத்திய வேன்களில் பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. சமதரையில் நிற்கும் வேனுக்கும் காருக்கும் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பதே நீண்ட கால நிறுத்தத்துக்கு ஏற்றது. ஏர் பிரேக் உள்ள கனரக வண்டிகளின் கதை வேறு. அவற்றுக்குத் தயாரிப்பாளர் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். டீசல் டேங்கைப் பாதியாக விட்டால் மேலே உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி அடியில் சேர்கிறது, அந்த நீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கின்றன. ஆகவே டேங்கை நிரப்பியே நிறுத்த வேண்டும். எலிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த ஷெட்டில் என்ஜின் அறைதான் அவற்றுக்குக் கூடு.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் கண்ட ஒரே தீர்வு சுழற்சி. எந்த வண்டியும் 10 நாட்களுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது, எந்த ஆம்புலன்ஸும் 10 நாட்களுக்கு மேல் தொடர்ந்து ஓடக் கூடாது என்று விதி செய்துகொண்டோம். லாக் புக்கில் ஓடிய கிலோமீட்டருக்குப் பக்கத்தில் 'கடைசியாக நகர்ந்த நாள்' என்று ஒரு கட்டம் போட்டோம். காலையில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான் என்ற நிலை வந்த பிறகு, செல்ஃப் எடுக்காத வண்டி என்ற பேச்சே எழவில்லை.

ஓடிய வண்டிகளின் சிக்கலும் கிலோமீட்டர் கணக்கில் தெரியாததுதான். மருத்துவமனை வாசலில் படுக்கைக்காகக் காத்திருந்த ஆம்புலன்ஸ்கள், உள்ளே இருக்கும் நோயாளிக்காகவும் ஆக்ஸிஜன் கருவிகளுக்காகவும் என்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நின்றன. மீட்டரில் தூரம் ஏறவில்லை, ஆயில் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. புகை வடிகட்டி பொருத்திய டீசல் வண்டிகளில், வடிகட்டியில் சேரும் கரியை எரிப்பதற்குத் தேவையான வெப்பம் ஐடிலில் கிடைப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு வண்டியின் இழுவை குறையும். ஆகவே ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டர் கணக்கிலிருந்து என்ஜின் ஓடிய மணிக்கணக்குக்கு மாற்றினோம். எல்லா ஆம்புலன்ஸ் நிர்வாகங்களும் சாதாரணக் காலத்திலேயே இப்படிச் செய்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கிருமி நீக்கத்தைப் பற்றிப் பேசாமல் அந்த நாட்களைப் பற்றிப் பேச முடியாது. பிளாஸ்டிக்கிலும் துருப்பிடிக்காத எஃகிலும் இந்த வைரஸ் 72 மணி நேரம் வரை கண்டறியக்கூடியதாக இருந்தது என்று 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு சொன்னதும், நாங்கள் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் வண்டியைப் பிளீச்சிங் கரைசலால் குளிப்பாட்டத் தொடங்கினோம். கரைசலின் அடர்த்தியை யாரும் அளக்கவில்லை. மூக்கைத் துளைக்கும் அளவுக்கு இருந்தால்தான் வேலை செய்யும் என்பது பணியாளர்களின் நம்பிக்கை. ஜூன் மாதத்தில் ஒரு வண்டியின் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். பக்கிளுக்கு அருகே, தினமும் கை படும் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு நிறம் வெளுத்து, நூலிழைகள் பிசிறிட்டு, விரலால் நிமிண்டினாலே பஞ்சுபோல் எழுந்தன. விபத்தில் ஓட்டுநரின் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டிய நாடா அது. அன்றே எல்லா வண்டிகளின் பெல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, 9 பெல்ட்டுகளை மாற்றினோம். பெல்ட் நாடாவை மிதமான சோப்பு நீரால்தான் துடைக்க வேண்டும், பிளீச்சிங் அதன் இழையை வலுவிழக்கச் செய்யும் என்பது தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே உள்ள விஷயம். நெருக்கடியில் கையேட்டைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒழுங்குக்கு வந்தோம். முதலில் சோப்பு நீரால் அழுக்கை எடுப்பது, அதன் பின்பே கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி வீண். கடினமான பரப்புகளுக்கு 0.1 சதவீதக் குளோரின் கரைசல் அல்லது 70 சதவீத ஆல்கஹால், அது ஈரமாகவே குறிப்பிட்ட நேரம் தங்கியிருக்க வேண்டும், உலோகப் பகுதிகளைப் பிறகு வெறும் நீரால் துடைத்துவிட வேண்டும். பிளீச்சிங்கை அமிலம் அல்லது அம்மோனியா கலந்த எந்தத் துப்புரவுப் பொருளோடும் சேர்க்கவே கூடாது. எழும் நச்சு வாயு, மூடிய வண்டிக்குள் ஆளையே வீழ்த்திவிடும். உள்ளே புகைபோல் மருந்தடிக்கும் கருவிகளை விற்க அப்போது பலர் வந்தார்கள். அப்படித் தெளிப்பதை வழக்கமான முறையாகப் பரிந்துரைக்கவில்லை என்றும், மனிதர்கள் மேல் எந்த நிலையிலும் தெளிக்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் தெளிவாகச் சொல்லியிருந்ததால், அந்தப் பணத்தை முகக்கவசங்களுக்குச் செலவிட முடிந்தது.

ஆனால் உண்மையான ஆபத்து கதவுக் கைப்பிடியில் இல்லை, காற்றில் இருந்தது. தொட்ட பரப்பின் வழியாகத் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது. அதற்கு முன்பே, 2020 இறுதியில், பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடும் காருக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்பதைக் கணினி மாதிரியில் பார்த்து வெளியிட்டிருந்தார்கள். நான்கு கண்ணாடிகளும் திறந்திருப்பதே மிகச் சிறந்தது. இரண்டை மட்டும் திறக்க முடியுமென்றால், ஓட்டுநருக்கும் பின்னே குறுக்காக அமர்ந்திருக்கும் பயணிக்கும் அருகில் உள்ள கண்ணாடிகளைவிட, எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டையும் திறப்பது பலன் தரும், ஏனெனில் அப்போது இருவருக்கும் நடுவே காற்று ஒரு திரைபோல் ஓடுகிறது என்பது அவர்கள் கண்டது. இதைப் படித்த அன்றே ஒவ்வொரு வேனிலும் எந்தக் கண்ணாடி திறந்திருக்க வேண்டும் என்று ஒட்டுத்தாள் ஒட்டினோம். ஏசியின் மறுசுழற்சிப் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் நிலையில் வைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதினோம். பிளீச்சிங்குக்கு நாங்கள் செலவிட்ட கவனத்தில் பாதியை முதல் நாளிலிருந்தே கண்ணாடிக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் இந்த விஷயத்தின் நடு நரம்பைத் தொடுகிறேன். 64 வண்டிகள் இருந்தன என்றேன். மிக மோசமான ஒரு வாரத்தில் ஓட்டுவதற்கு 19 பேர்தான் நலமாக இருந்தார்கள். வண்டி கெட்டால் ஒரு வண்டி நிற்கும். ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தால், அவரோடு அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தனிமைக்குப் போக, ஒரே நாளில் ஒரு ஷிஃப்டே காலியாகிவிடும். ஆகவே அவர்களை ஒருவரையொருவர் சந்திக்காத மூன்று குழுக்களாகப் பிரித்தோம். ஷிஃப்ட் மாறும்போது முக்கால் மணி நேர இடைவெளி விட்டோம். ஒரு வண்டிக்கு ஒரு குழுவைச் சேர்ந்த இருவர் மட்டுமே என்று வைத்தோம். நிற்கும் வண்டிகளைச் சுழற்சியில் விடும் விதியும் இந்த விதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். சுழற்சியைக் குழுவுக்குள்ளேயே முடித்துக்கொள்ளுமாறு வண்டிகளையும் மூன்றாகப் பங்கிட்ட பிறகுதான் அது தீர்ந்தது.

ஒரு நாள் மாலையில் மூத்த ஓட்டுநர் ஒருவர் ஷெட்டுக்கு வெளியே, பத்தடி தள்ளி நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், நேத்து ராத்திரியிலிருந்து உடம்பு சூடா இருக்கு. இன்னிக்கு வண்டி எடுத்துட்டேன். சொல்லியிருக்கணும்."

"ஏண்ணே சொல்லல?"

"பதினாலு நாள் சம்பளம் போயிடும்னு பயந்துட்டேன் சார்."

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. தனிமையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை நாங்கள் எழுத்தில் சொல்லவே இல்லை. வெப்பமானி வாங்கினோம், படிவம் அச்சடித்தோம், காய்ச்சலை ஒளிக்க அவருக்கு இருந்த காரணத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தோம். மறுநாளே நிர்வாகத்திடம் போராடி, தனிமை நாட்களுக்கு முழுச் சம்பளம் என்ற அறிவிப்பில் கையெழுத்து வாங்கினேன். அடுத்த வாரத்தில் காய்ச்சல் என்று தாமாகவே வந்து சொன்னவர்கள் நான்கு பேர். எந்தக் கிருமிநாசினியும் இவ்வளவு செய்ததில்லை.

பாதுகாப்பு உடையோடு வண்டி ஓட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். முகத்தடுப்பு மூச்சில் பனித்துப்போனால் சாலை தெரியாது. ஓட்டுநர் அறை நோயாளிப் பகுதியிலிருந்து தனியாகத் தடுக்கப்பட்டிருந்தால், நோயாளியை ஏற்றியபின் மேலுடை, கையுறை, முகத்தடுப்பு ஆகியவற்றைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்துவிட்டு, முகக்கவசத்தோடு மட்டும் ஓட்ட அமர்வதே முறை. நடுத் தடுப்பு இல்லாத பழைய வண்டிகளை நோயாளிகளுக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, அவற்றைப் பரிசோதனை மாதிரிகளையும் பொருட்களையும் கொண்டுசெல்ல ஒதுக்கினோம்.

2021-ல் தடுப்பூசி வந்ததும் குளிர்பதன வேன்களுக்கு முக்கியத்துவம் கூடியது. பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். வேனின் குளிர்பதனக் கருவி, உள்ளே வைத்த பொருளின் குளிரைக் காப்பதற்கு மட்டுமே உரியது, சூடான பொருளைக் குளிரச் செய்வதற்கு அல்ல. அதனால் ஏற்றும் முன்பே பெட்டியைக் குளிர்வித்திருக்க வேண்டும். வெப்பத்தை நினைத்து எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் உறைந்துபோனாலும் பல தடுப்பூசிகள் பயனற்றுப் போகும் என்பதை ஏற்றுபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. குளிர்காற்று வெளிவரும் வாய்க்கு நேர் எதிரே பெட்டிகளை அடுக்காதீர்கள் என்பது நாங்கள் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்த வாசகம்.

ஆவணங்கள் விஷயத்தில் பல நாட்டு அரசுகள் கருணை காட்டின. பிரிட்டன் 2020 மார்ச் 30 முதல் கார், வேன், மோட்டார் சைக்கிள்களின் தகுதிச் சோதனைக்கு 6 மாத அவகாசம் தந்தது. தேதி நீண்டதே தவிர, தேய்ந்த பிரேக்கின் ஆயுள் நீளவில்லை. அவகாசத்தில் இருந்த வண்டிகளை எங்கள் பணிமனையிலேயே பழைய தேதிக்குள் சோதித்து முடித்தோம்.

சும்மா நிற்கும் வேன்களை விற்றுவிடலாம் என்ற பேச்சு நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு முறை எழுந்தது. அப்போது வாடகைக் கார் நிறுவனங்கள் உலகெங்கும் வண்டிகளை விற்றுக்கொண்டிருந்தன. ஹெர்ட்ஸ் நிறுவனம் 2020 மே 22 அன்று திவால் பாதுகாப்பே கோரியது. நான் மறுத்ததற்குக் காரணம் முன்னறிவு அல்ல, பயம்தான்: ஊழியர்கள் இடைவெளி விட்டு உட்கார வேண்டியிருந்தால் அதே ஆட்களுக்கு இரு மடங்கு வேன் வேண்டுமே என்ற கணக்கு என்னிடம் இருந்தது. அலுவலகங்கள் மீண்டும் திறந்தபோது அப்படியேதான் ஆயிற்று. 2021-ல் வண்டிகளின் மின்னணுப் பாகங்களுக்கான சிப் தட்டுப்பாட்டால் புதிய வண்டிகள் கிடைக்காமல், விற்றவர்கள் பழைய வண்டிகளைத் தேடி அலைந்த வேளையில், எங்கள் வேன்கள் அனைத்தும் ஷெட்டில் காற்றும் சார்ஜும் குறையாமல் நின்றன.

அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒட்டுத்தாள்கள் பலவும் உரிந்துபோய்விட்டன; மூன்று குழுக்கள் மீண்டும் ஒன்றாகி, ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். லாக் புக்கை மறு அச்சுக்குக் கொடுத்தபோது, 'கடைசியாக நகர்ந்த நாள்' என்ற கட்டத்தை எடுத்துவிடலாமா என்று அச்சகத்துக்காரர் கேட்டார். வேண்டாம், அதை முதல் பத்தியிலேயே கொஞ்சம் அகலமாகப் போடுங்கள் என்று சொல்லியனுப்பினேன்.